ஓட்டு என்ன காணிக்கையா?

(திருச்சுழியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஓட்டுப் போடுகிற ஜனங்கள் ஏன் தங்களை அடக்கி ஆளக்கூடிய ஒரு தனி மனிதனைத் தேடிப் போய் ஓட்டுப் போடுகிறார்கள் என்னும் விஷயமாய்ப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கோயில், சாமி, சடங்கு என்று பேசுகிறவர்களுக்கு இந்த விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சாமியைப் பற்றிப் பேசுவதைவிட இது அவசரமான விஷயம் என்பது என் அபிப்பிராயம். கல்லுச்சாமி சட்டம் போடுவதில்லை, வரி போடுவதில்லை, எதிர்த்துப் பேசுகிறவனை ஜெயிலில் வைப்பதில்லை. நாம் ஓட்டுப் போட்டு உண்டாக்குகிற சாமி இவ்வளவையும் செய்யக்கூடியது.

உங்கள் ஊர் வழக்கத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன். இது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பெய்கிற மழையைக் கண்மாயில் கட்டி வைத்துத்தான் பிழைத்து வந்திருக்கிறோம். கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட ஆயக்கட்டுக்காரர்கள் நீர்பாய்ச்சி என்று ஒருவரை நியமிக்கிறார்கள். அவர் இராத்திரியில் மண்வெட்டியோடு போய் மடையைத் திறக்கிறார். முறைப்படி வயலுக்கு வயல் தண்ணீர் விடுகிறார். அறுவடையில் கூலியாக நெல் வாங்கிக் கொள்கிறார். அவர் ஒருவன் வயலுக்கு அதிகமாய்த் தண்ணீர் விட்டுவிட்டால் என்ன நடக்கிறது? மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் ஊர் கூடிக் கேட்கிறது. அவரும் பதில் சொல்கிறார். "நீர்பாய்ச்சி நமக்குத் தண்ணீர் கொடுத்த தெய்வம், அவரைக் கேட்கலாமா?" என்று எந்தச் சம்சாரியாவது சொன்னதுண்டா? தண்ணீர் ஊராருடையது, திறந்துவிடுவது அவர் வேலை, அதற்குக் கூலி உண்டு. இந்தக் கணக்கு எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரிக்கும் தெளிவாய்த் தெரிகிறது.

சர்க்கார் கஜானா என்பதும் ஒரு கண்மாய்தான். நாம் வாங்குகிற தீப்பெட்டியிலும் சட்டைத் துணியிலும் போகிற வரியெல்லாம் அங்கேதான் சேருகிறது. அந்த மடையைத் திறக்க ஐந்து வருஷத்திற்கு ஒரு முறை நாம் ஆளை நியமிக்கிறோம். ஊர்க் கண்மாயின் மடையைத் திறக்கிறவரைப் பெரும்பாலும் கீழ்ச்சாதி என்று தள்ளி நிறுத்தி வைத்தோம். நாட்டுக் கண்மாயின் மடையைத் திறக்கிறவரையோ தெய்வமாக்கிக் கும்பிடுகிறோம். இரண்டு பேர் செய்வதும் ஒரே வேலை. ஒருவரைக் கேள்வி கேட்கிற நாம் மற்றவரைக் கேட்க ஏன் நடுங்குகிறோம்?

இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து அருப்புக்கோட்டையே போதும். 1977-ஆம் வருஷம் ஜூன் மாதச் சட்டசபைத் தேர்தலில் திரு. எம்.ஜி.இராமச்சந்திரன் அவர்கள் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்துத்தான் முதன்மந்திரியானார். அவருடைய கட்சி 234 இடங்களில் 130 இடங்களைப் பிடித்தது. அவரைத் திட்டுவதற்காக நான் இங்கு வரவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பது இன்றைய கேள்வியும் அல்ல. அவரிடத்தில் ஜனங்கள் எப்படி நடந்து கொண்டார்கள், அதனால் ஜனங்களுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்பதே கேள்வி.

முதலில் மார்ச் மாதத்து விஷயத்தைக் கவனியுங்கள். 1975 ஜூனில் இந்திரா காந்தி அம்மையார் நெருக்கடி நிலை கொண்டு வந்தார். பத்திரிகைகளின் வாயைக் கட்டினார். 1976 ஜனவரி 31-இல் தமிழ்நாட்டு மந்திரிசபையைக் கலைத்தார். அதன் பிறகு விசாரணையில்லாமல் சிறையில் தள்ளப்பட்டவர்களில் தி.மு.க.காரர்களும் உண்டு, திராவிடர் கழகத்தாரும் உண்டு. 1977 மார்ச்சில் பார்லிமெண்டுத் தேர்தல் வந்தபோது வடநாட்டு ஜனங்கள் அந்த அம்மையாரை அவருடைய சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்தார்கள். தமிழ்நாட்டார் என்ன செய்தார்கள்? 39 இடங்களில் 34 இடங்களை அவருடைய காங்கிரசுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் கொடுத்தார்கள். அந்தக் கூட்டாளிகளில் முதல்வர் எம்.ஜி.ஆர்.

தமிழர்கள் சர்வாதிகாரத்தை விரும்பினார்கள் என்று இதற்கு அர்த்தம் சொல்லக் கூடாது. வடநாட்டில் நடந்ததுபோல் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டாயக் கருத்தடை செய்த கொடுமை இங்கே அவ்வளவு நடக்கவில்லை. முந்திய ஆட்சியின்மேல் ஊழல் புகார் இருந்தது; விசாரணைக் கமிஷனும் நடந்து கொண்டிருந்தது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எம்.ஜி.ஆர். எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நியாயம் என்று இலட்சக்கணக்கான பேர் நினைத்தார்கள். பத்திரிகையின் வாய் கட்டப்பட்டதும் அயலூர்க்காரன் ஜெயிலுக்குப் போனதும் அவர்கள் கணக்கில் வரவில்லை.

ஏன் அப்படி? பாமர ஜனங்கள் முட்டாள்கள், சினிமாவைப் பார்த்து ஏமாந்தார்கள் என்று படித்தவர்கள் சுலபமாய்ச் சொல்லிவிடுகிறார்கள். நானும் வாலிப வயதில் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். 1984 தேர்தலின்போது எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அப்போது எம்.ஜி.ஆர். உடல் நலமில்லாமல் அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆண்டிப்பட்டித் தொகுதிக்கு அவர் ஒரு தடவைகூட வந்து ஓட்டுக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை ஊர் ஊராய்ப் போட்டுக் காட்டினார்கள். அவரும் ஜெயித்தார், கட்சியும் ஜெயித்தது. அந்தச் சமயம் இந்த வட்டாரத்தில் கரிமூட்டம் போடுகிற ஒரு வயதான அம்மாளிடம் நான் வாதாடினேன். "எங்கேயோ படுத்திருக்கிற மனிதருக்கு ஏன் ஓட்டுப் போடுகிறாய்? அவர் உனக்கு என்ன செய்தார்?" என்று கேட்டேன். அந்த அம்மாள் வேலையை நிறுத்தாமலே சொன்னார்:

"அவரு என்ன செஞ்சாரோ செய்யலையோ, எனக்குத் தெரியாது தம்பி. மேடையில ஏறி என்னையத் தாயேன்னு கூப்பிட்டாரு. தாலுகா ஆபீசுல என்னைய 'ஏ, தள்ளி நில்லு'ங்கான். கரி வாங்க வாரவன் 'ஏ கிழவி'ங்கான். நீகூட இப்ப என்னைய நீன்னுதான பேசுற?"

தோழர்களே! எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. சுயமரியாதை பேசுகிற நான் என் தாய் வயதுள்ள ஒருவரை 'நீ' என்று பேசிக்கொண்டு அவருக்கு அரசியல் சொல்லிக் கொடுக்கப் போயிருக்கிறேன்! அந்த அம்மாள் ஏமாறவில்லை. ஆயுள் முழுவதும் தமக்குக் கிடைக்காத மரியாதையைக் கொடுத்ததாகத் தோன்றிய ஒரு மனிதருக்கு, தம் கையில் இருந்த ஒரே சொத்தாகிய ஓட்டைக் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம்.

ஜனங்கள் தனி மனிதனிடம் போவதற்கு முதல் காரணம் இதுதான். நாள்தோறும் அவமானப்படுகிறவன் தனக்காகக் கோபப்படுகிற ஒருவனைத் தேடுகிறான். ஆபீசில் காத்து நின்றவனுக்கு, "அந்த உத்தியோகஸ்தனை நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று மேடையில் ஒருவர் சொன்னால் காது குளிர்கிறது. அப்படிச் சொல்கிறவர் சட்டத்தை மீறுவாரா என்று அவன் கவலைப்படுவதில்லை. அந்தச் சட்டம் அவனை எந்த நாளில் காப்பாற்றிற்று?

இரண்டாவது காரணம் பழக்கம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். அதற்கு முன் எத்தனையோ தலைமுறைகள் மகாராஜா என்றும் எஜமான் என்றும் கும்பிட்டுப் பழகிய முதுகு, சட்டம் வந்தவுடனே நிமிர்ந்துவிடுமா? பழைய பக்தி புதிய ஆளைத் தேடிற்று. சினிமா அந்த ஆளைக் காட்டிற்று. 1964-இல் 'படகோட்டி', 'தொழிலாளி', 1967-இல் 'விவசாயி', 1971-இல் 'ரிக்‌ஷாக்காரன்' ஆகிய படங்களின் பெயர்களைப் பாருங்கள். எல்லாம் உழைக்கிறவன் பெயர்கள். அந்த வரையில் நல்லதே. ஆனால் அந்தப் படங்களில் அநியாயம் எப்படி ஒழிகிறது? சங்கம் கூடித் தீர்மானம் போட்டா? பஞ்சாயத்தில் கணக்குக் கேட்டா? ஒரே மனிதன் வருகிறான், அடிக்கிறான், இரண்டரை மணி நேரத்தில் நியாயம் கிடைத்துவிடுகிறது. மற்றவர்கள் அழவும் கை தட்டவும்தான் இருக்கிறார்கள். இதையே வருஷக்கணக்கில் பார்த்தவன் நிஜத்திலும் கை தட்டிக்கொண்டு காத்திருக்கிறான்.

மூன்றாவது காரணம் எதிரி. இப்படிப்பட்ட தலைவர்களுக்கு எல்லாத் தேசத்திலும் ஒரு எதிரி வேண்டியிருக்கிறது. அயல்நாட்டான், அயல் மதத்தான், அயல் சாதியான், படித்தவன் என்று யாரையாவது காட்டி, "உன் கஷ்டத்திற்கு இவன்தான் காரணம், இவனை ஒடுக்க எனக்கு முழு அதிகாரம் கொடு" என்பார்கள். நம் சீமையில் இது சாதியாய் முளைக்கிறது. 1957-இல் முதுகுளத்தூர்ப் பக்கம் எரிந்த வீடுகளும் போன உயிர்களும் பெரியவர்கள் நினைவில் இருக்கும். எரிந்தது ஏழை வீடுதான்; எந்தப் பக்கத்துப் பணக்காரனுக்கும் அதனால் ஒரு ஏக்கர் குறையவில்லை.

நிற்க, தலைவரைத் தெய்வமாக்கியதால் ஜனங்களுக்கு என்ன நஷ்டம் என்பதைப் பார்ப்போம்.

எம்.ஜி.ஆர். 1972-இல் தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டது எதற்காக? மேடையில் கட்சிக் கணக்குக் கேட்டதற்காக. ரொம்ப நியாயமான கேள்வி. ஆனால் அவர் ஆரம்பித்த கட்சியில் அவரிடம் கணக்குக் கேட்க யாருக்குத் தைரியம் இருந்தது? கட்சிக்காரர்கள் கையில் கட்சி அடையாளத்தைப் பச்சை குத்திக் கொள்ள வேண்டும் என்ற பேச்சுகூட நடந்தது. பச்சை குத்திய கை கணக்குப் புத்தகத்தைத் திறக்குமா?

1982 ஜூலையில் அவர் சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தார். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டது மிக நல்ல காரியம்; அதைக் குறை சொல்கிறவன் மனிதனல்ல. ஆனால் அதற்கு முந்திய வருஷம்தான் மதுக்கடைகளைத் திறந்துவிட்டார்கள். 1983-இல் மது விற்கவே சர்க்கார் ஒரு கம்பெனி தொடங்கிற்று. அப்பன் கடையில் கொடுத்த காசிலிருந்தும் கஜானா நிரம்பிற்று. அந்தக் கஜானாவிலிருந்து பிள்ளைக்குச் சோறு வந்தது. சோற்றைத் தலைவர் போட்டதாக நினைத்தோமே தவிர, நாம் கொடுத்த காசு என்று நினைத்தோமா? உரிமையைப் பிச்சை என்று வாங்கிக்கொண்டவன் சோறு குறைந்தால் கேட்க முடியாது. போட்டவர் இஷ்டம் என்று போக வேண்டியதுதான்.

1987-இல் ஒரு வாரப் பத்திரிகை சட்டசபை உறுப்பினரையும் மந்திரியையும் கேலி செய்து ஒரு சிரிப்புப் படம் போட்டது. அதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் திரு. எஸ்.பாலசுப்பிரமணியன் அவர்களுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்துச் சிறைக்கு அனுப்பிற்று. நாடெங்கும் கூச்சல் எழுந்த பிறகு இரண்டொரு நாளில் விட்டார்கள். நம்மால் அனுப்பப்பட்டவர்கள் நம்முடைய சிரிப்பைக்கூடத் தாங்க மாட்டார்கள் என்றால், அவ்வளவு உயரத்தில் அவர்களை ஏற்றி வைத்தது யார்?

ஆனால் இதே எம்.ஜி.ஆர். காலத்தில் வேறொன்றும் நடந்தது. அதை நீங்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். 1979-இல் அவருடைய சர்க்கார், பிற்படுத்தப்பட்டோரில் வருஷத்திற்கு 9,000 ரூபாய்க்குமேல் வருமானம் உள்ள குடும்பத்தார்க்கு இட ஒதுக்கீடு கிடையாது என்று உத்தரவு போட்டது. திராவிடர் கழகமும் மற்றக் கட்சிகளும் ஊர் ஊராய்க் கூட்டம் போட்டு எதிர்த்தன. 1980 ஜனவரியில் பார்லிமெண்டுத் தேர்தல் வந்தது. தெய்வம் என்று கொண்டாடப்பட்டவரின் கட்சி 39 இடங்களில் இரண்டே இரண்டில்தான் ஜெயித்தது. அந்த இரண்டில் ஒன்று உங்கள் பக்கத்துச் சிவகாசி. பிறகு என்ன நடந்தது? சில வாரங்களுக்குள் அந்த 9,000 ரூபாய் உத்தரவு ரத்தாயிற்று. பிற்படுத்தப்பட்டோர் பங்கு 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாய் உயர்ந்தது. அதே வருஷம் சட்டசபைத் தேர்தலில் ஜனங்கள் திரும்பவும் அவரைத்தான் ஜெயிக்க வைத்தார்கள்.

கவனியுங்கள் தோழர்களே! தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தோல்வி வராமல் அந்த உத்தரவு போயிருக்குமா? கற்பூரம் காட்டியபோது கிடைக்காதது, ஓட்டை மாற்றிப் போட்டபோது கிடைத்தது. அந்த ஆறு மாதம் ஜனங்கள் அவரை நீர்பாய்ச்சியாக நடத்தினார்கள். அவரும் நல்ல நீர்பாய்ச்சியாக நடந்து கொண்டார்.

இப்படிக் கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் உள்ள இலங்கையைப் பாருங்கள். 2019 ஏப்ரலில் அங்கே குண்டு வெடித்து நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். பயந்துபோன ஜனங்கள், பெரும்பாலும் சிங்களவர்கள், நவம்பரில் கோத்தபய ராஜபக்சவைப் பலமான மனிதர் என்று நம்பி 52 சதவீத ஓட்டுக்கொடுத்து ஜனாதிபதியாக்கினார்கள். மறு வருஷமே அரசியல் சட்டத்தைத் திருத்தி அவர் கையில் அதிகாரத்தை இன்னும் குவித்தார்கள். 2021-இல் அவர் திடீரென்று இரசாயன உரத்தின் இறக்குமதியை நிறுத்தினார். சம்சாரியைக் கேட்கவில்லை. விளைச்சல் விழுந்தது. வேறு தப்புகளும் சேர்ந்து, பெட்ரோலுக்கும் கேசுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்று, 2022 ஜூலையில் அதே ஜனங்கள் அவர் மாளிகைக்குள் புகுந்தார்கள். அவர் நாட்டை விட்டு ஓடினார். பலமான மனிதர் என்றார்களே, அவருக்கு இருந்த பலவீனம் என்ன? "ஐயா, இது தப்பு" என்று சொல்ல ஒருவரையும் பக்கத்தில் வைத்துக் கொள்ளவில்லை.

இது புதிய வியாதியும் அல்ல. பிரான்சு தேசத்தில் ராஜாவை விரட்டிக் குடியரசு கண்ட ஜனங்கள், 1848 டிசம்பரில் நெப்போலியனுடைய தம்பி மகன் என்ற ஒரே காரணத்திற்காக லூயி நெப்போலியனுக்கு நூற்றுக்கு எழுபதுக்குமேல் ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் துண்டு நிலம் வைத்திருந்த ஏழைச் சம்சாரிகள். ஒருவனுக்கொருவன் சங்கமாய்ச் சேராதவர்கள். மூன்று வருஷத்தில் அவன் பட்டாளத்தைக் கொண்டு சட்டசபையைக் கலைத்தான். நான்காம் வருஷம் சக்கரவர்த்தியாகிவிட்டான். சங்கமாய்ச் சேராத சம்சாரி தன்னைக் காப்பாற்ற மேலே இருந்து ஒருவன் வர வேண்டும் என்றுதான் நினைப்பான். இன்றைக்குக் கரிமூட்டக்காரர், தறிக்காரர், தீப்பெட்டி ஆபீசுக்குப் பஸ் ஏறுகிற பெண்கள் எல்லாரும் அந்த நிலையில்தானே இருக்கிறார்கள்?

தோழர் அம்பேத்கர் அவர்கள் 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது இதைத்தான் எச்சரித்தார். மதத்தில் பக்தி மோட்சத்திற்கு வழியாக இருந்தாலும் இருக்கலாம். அரசியலில் பக்தி என்பது இழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்திற்கும்தான் வழி என்பது அவர் கருத்து. அதைக் கேட்ட நாம், பிற்காலத்தில் மந்திரிகளே காலில் விழுகிற காட்சியையும் பார்த்தோம். அவரவர் தலைவர் என்று வரும்போது நம் இயக்கத்து மேடைகளும் இந்தக் குற்றத்துக்கு முழுக்க விலக்கல்ல. சாமி படத்தைக் கழற்றிய ஆணியிலேயே தலைவர் படத்தை மாட்டிவிட்டு, கேள்வி கேட்கிறவனைத் துரோகி என்றால் நாம் என்ன பகுத்தறிவுவாதிகள்?

ஆகவே என்ன செய்வது? இரண்டு காரியங்கள் சொல்கிறேன்.

ஒன்று, கேட்கிற பழக்கம். இதைச் சின்ன இடத்தில் பழகினால்தான் பெரிய இடத்தில் வரும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் உங்கள் ஊரில் கிராமசபை கூட வேண்டும். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். கண்மாய் மராமத்துக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்று எழுந்து நின்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஊராட்சித் தலைவரைக் கணக்குக் கேட்டவன் முதன்மந்திரியைக் கண்டு மயங்க மாட்டான். பிரதம மந்திரியைக் கண்டும் மயங்க மாட்டான்.

இரண்டாவதுதான் முக்கியம். அந்தக் கரிமூட்டத்து அம்மாள் சொன்னதை மறக்காதீர்கள். நம் டீக்கடையில், நம் வயலில், நம் வீட்டு வாசலில் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுக்காத வரையில், மேடையில் இருந்து 'தாயே' என்கிறவனுக்கே ஜெயம். வயதில் மூத்தவரைச் சாதி பார்த்து 'வாடா' என்கிறவன், வீட்டில் மனைவியை வாய் திறக்கவிடாதவன், வெளியே வந்து சர்வாதிகாரம் ஒழிக என்று கத்துவதில் அர்த்தமில்லை. ஒருவன் மேலே இருந்து போடுகிற மரியாதையை அவனே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கிற நாம் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதை எவனும் எடுக்க முடியாது. சுயமரியாதை என்று நாம் சொல்வது அதைத்தான்.

கடைசியாக ஒன்று. நல்ல தலைவர் வந்தால் ஓட்டுப் போடுங்கள். நல்லது செய்தால் பாராட்டுங்கள். மறுபடியும் ஓட்டுப் போடுங்கள். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கண்மாய்க் கரையை விட்டு வந்துவிடாதீர்கள். நான் சொன்னதையும் நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். தப்பு என்று தோன்றினால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று என்னையும் கேளுங்கள்.